தனியார் பேருந்து ஒன்று

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். நிருபர்கள் கொண்டுவருவதைப் படித்து, வெட்டி, தலைப்புப் போட்டுப் பக்கத்தில் ஏற்றுகிற செய்தி ஆசிரியர். வெட்டுவதில் ஈவு இரக்கம் கிடையாது. யார் முகத்துக்கும் அஞ்ச மாட்டார், முதலாளி முகம் ஒன்றைத் தவிர.

முதலாளிக்குத் தொழில் பேருந்து. பத்திரிகை பிறகு வந்தது. பேருந்துக்கு வழித்தடம் கேட்டு அதிகாரிகள் வாசலில் நின்று நின்று கால் கடுத்துப்போன மனிதர் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கினார். அதன் பிறகு அதிகாரிகள் அவர் வாசலில் நின்றார்கள். அந்தப் பத்திரிகையின் வரலாறு அவ்வளவுதான். ஆண்டு மலரில் இதையே 'உண்மையின் மேல் கொண்ட தீராக் காதல்' என்று போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தது கத்தரிதான்.

அவருக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம். முதலாளி ஒரு தற்குறி. குற்றச்செய்தி நிருபர், காவல் நிலையத்தில் சொன்னதை அப்படியே சுமந்து வரும் தபால்காரன். வாசகர்கள், எதைப் போட்டாலும் மென்று விழுங்குகிற ஜென்மங்கள். இப்படி ஊரையே மட்டம் தட்டிவிட்டு, தான் மட்டும் சேறு படாமல் கரையில் நிற்பதாக ஒரு நினைப்பு.

எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று அங்கே இருந்தது. முதலாளியின் பேருந்து யார் மேலாவது ஏறினால் 'தனியார் பேருந்து ஒன்று'. மற்றவர் பேருந்து ஏறினால் கம்பெனியின் பெயர் முதல் வரியிலேயே. செத்தவர் வசதியானவர் என்றால் படிப்பு, பதவி, சிரிக்கிற படம். இல்லாதவர் என்றால் 'ஒருவர் பலி'. கத்தரிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

மழை விட்ட ஒரு காலையில் முதலாளியின் பேருந்து பாலத்தில் கவிழ்ந்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. காய்கறி விற்கப் போய்க்கொண்டிருந்த பெண் ஒருத்தி இறந்துபோனாள். நிருபர் கொண்டுவந்த செய்தியில் ஓட்டுநர் குடித்திருந்ததாக இருந்தது. கத்தரி பேனாவை எடுத்தவர், ஓட்டுநரின் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவருடைய தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை குடிக்கிற ஆள் இல்லை. விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் ஊற்றிக் கொடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள். சில வாரங்களுக்கு முன்புதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "பிரேக்க மிதிச்சா காலோட சேர்ந்து உசுரும் கீழ போகுது மச்சான். டிப்போல சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க." கத்தரி சோற்றைப் பிசைந்தபடியே, "சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு மாப்ள" என்றார். சொல்ல வேண்டியவர்களில் தானும் ஒருவர் என்று அவருக்கு உறைக்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

"குடிச்சிருந்தான்னு யாருங்க சொன்னது?"

"ஸ்டேஷன்ல சொன்னாங்க."

"ஸ்டேஷனுக்கு யார் சொன்னாங்க?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நாமதான். இங்க பாரு, பிரேக்குன்னு போட்டா எல்லா வண்டியும் ஷெட்டுல நிக்கும். டிரைவர்னு போட்டா ஒருத்தன் மட்டும் நிப்பான். உன் மாப்ளைன்னு தெரியும்யா. ஜாமீனுக்கு நான் பாத்துக்கறேன். நம்ம டிரைவருங்க எல்லாம் நம்ம குடும்பம்."

கத்தரி திரும்பி வந்து உட்கார்ந்தார். 'குடிபோதையில் பேருந்தைக் கவிழ்த்த ஓட்டுநர்' என்று தலைப்புப் போட்டார். உள்ளே நிருபர் எழுதியிருந்த 'கொடூரன்' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டினார். வெட்டிவிட்டு, குடும்பத்துக்குத் தன்னால் ஆனதைச் செய்துவிட்டதாக ஒரு பெருமூச்சு வேறு.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையில் கட்டோடு மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். கதவருகில் ஒரு காவலர். தங்கை அண்ணனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தையல் கம்பெனியில் அத்தனை பேரை மேய்க்கிறவள். அவளுக்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

"தலைப்பு போட்டது யாரு?"

"ஆபீஸ்ல..."

"ஆபீஸ்னா? செவுரா வந்து எழுதிச்சு?"

"இல்லம்மா, ரொம்ப மோசமா எழுதியிருந்தான். ஒரு வார்த்தைய நான்தான் வெட்டினேன்."

"எத?"

"கொடூரன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரிய மனசுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பார்வை அவரைத் தூங்க விடவில்லை. டிப்போ மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தார். அவன் யாருக்கும் பயப்படாமல் பிரேக்கின் கதையைக் கொட்டினான். அதை எடுத்துக்கொண்டு கத்தரி நேராகப் போட்டிப் பத்திரிகைக்குப் போனார். அதன் முதலாளிக்கும் தொழில் பேருந்துதான். மனிதர் கத்தரியைக் கட்டிப்பிடிக்காத குறை. நாற்காலி, மேசை, வேலை எல்லாம் அன்றைக்கே கிடைத்தது.

இரண்டாவது கூத்து தொடங்கியது. பழைய முதலாளியின் பெயர் கொட்டை கொட்டையான எழுத்தில் வந்தது. நேற்றைய குடிகாரர் இன்றைக்குத் தியாகி ஆனார். எதிரே வந்த பள்ளிக் குழந்தைகளைக் காப்பாற்ற வண்டியைத் திருப்பினாராம். அந்தப் பாலத்தில் அன்று குழந்தைகளும் இல்லை, ஒன்றும் இல்லை. புகைப்படக்காரன் தங்கையிடம், "கொஞ்சம் தலைய கலைச்சுக்கிட்டு அழுங்கம்மா" என்றான். "வேலைக்கு நேரமாச்சு, தள்ளு" என்றாள். அவள் தும்மியபோது எடுத்த படம் மறுநாள் வந்தது: 'கதறும் மனைவி'. அதற்குக் கீழே உருகி உருகி எழுதியதும் கத்தரியின் கைதான்.

ரத்தப் பரிசோதனையில் மது இல்லை என்று வந்ததும் மாப்பிள்ளையை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இரண்டு பத்திரிகைகளையும் விரித்து வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுலயும் நான் இல்லையே மச்சான்" என்றார். பிறகு, "அந்தக் காய்கறிக்காரம்மா பேரு எங்கயும் போடலையே. உங்களுக்குத் தெரியுமா?"

கத்தரிக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. மாப்பிள்ளை அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் வந்திருந்தார். வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்களாம். அதையும் அவர் தப்பாகச் சொல்லவில்லை.

அதற்குள் மேலிடத்தில் காற்று திசை மாறியது. பழைய முதலாளியின் மகளுக்கும் புது முதலாளியின் மகனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. பிரேக் செய்தி வந்த இடம் தெரியாமல் போனது. இரண்டு பத்திரிகையும் சம்பந்திகளைப் போலக் குழைந்துகொண்டன. முந்தாநாள் வரை 'எமன்' என்று எழுதியவர்கள் 'வள்ளல்' என்று எழுதினார்கள், நாக்கூசாமல். கல்யாணச் சிறப்புப் பக்கத்தைக் கத்தரியிடமே கொடுத்தார்கள். தமிழ் நன்றாக வருமே.

அவரும் எழுதினார். நிச்சயதார்த்தப் படத்தில் மாலையும் கழுத்துமாக ஜோடி, இரு பக்கமும் பெற்றோர். படத்துக்குக் கீழே ஒவ்வொருவரும் யார் என்று குறிப்பிட வேண்டும் அல்லவா? 'மணமகளின் தந்தை, பாலத்தில் கவிழ்ந்து ஒரு பெண்ணின் உயிரைக் குடித்த பேருந்தின் உரிமையாளர்' என்று போட்டார். பக்கத்தைச் சரிபார்க்க வேண்டியவர்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள். அச்சேறிவிட்டது.

காலையில் புது முதலாளி மேசையைக் குத்தினார். "என்னய்யா எழுதியிருக்க?"

"தப்பு ஏதாவது இருக்குங்களா?"

"தப்பு இருந்தா மன்னிச்சிருப்பேனே! வெளிய போய்யா!"

மறுநாள் 'அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்' என்று போட்டார்கள். படித்தவர்களில் பாதிப்பேர் அது என்ன பிழை என்று தேடவே இல்லை. சிலர் டீக்கடையில் சிரித்தார்கள். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பேருந்துகள் ஒரே கம்பெனி ஆயின. கட்டணமும் ஏறியது. அதை எந்தப் பத்திரிகை எழுதப்போகிறது?

கத்தரியை எந்தச் செய்தி அலுவலகமும் வாசலில்கூட ஏற்றவில்லை. இப்போது மின்விசிறிக் கம்பெனி ஒன்றில், எந்தத் திருகை எப்படி முடுக்க வேண்டும் என்று பெட்டிக்குள் வைக்கிற குறிப்பை எழுதுகிறார். அங்கேயும் பொறியாளர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். மாப்பிள்ளை பால் வண்டி ஓட்டுகிறார்.

தங்கை அந்தக் கல்யாணப் பக்கத்தைப் படித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சோறு போடும்போது, "எழுதினது சரிதான்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"மொத நாளே எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.