அண்ணியின் இரண்டு போன்கள்

என் அண்ணிக்கு வேலை, அடுத்தவர் வீட்டு ஒழுகலைப் படம் எடுப்பது. கேலிக்குச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான். எங்கள் குடியிருப்பில் குழாய் ஒழுகினாலோ சுவர் விரிசல் விட்டாலோ, அந்த வீட்டுக்காரர் ஒரு படம் எடுத்து, கூடவே ஒரு வரி எழுதிப் பராமரிப்பு ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அது அண்ணியின் கம்பெனி போனுக்கு வரும். அண்ணி நேரில் போய்ப் பார்த்து, அதே போனில் தானும் ஒரு படம் எடுப்பார். எடுத்த கணமே அது ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கொத்தனாருக்கோ குழாய்க்காரருக்கோ உத்தரவாகப் போய்விடும். அழிக்க முடியாது, திரும்பக் கூப்பிடவும் முடியாது. வாயை விட்டுப் போன சொல் மாதிரிதான்.

இன்னொரு போன் அவருடைய சொந்தப் போன். கண்ணாடியில் கீறல், அரை நாள் தாங்காத பேட்டரி. அதில் அவர் எடுப்பதைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். தொட்டி மூடியில் தேங்கிய மழைநீருக்குள் ஒரு மேகம். படிக்கட்டுக் கைப்பிடியில் நத்தை இழுத்துவிட்டுப் போன பளபளப்பான கோடு. அப்புறம் பாசி, பாசி, மேலும் பாசி.

"ஊரெல்லாம் பாசியச் சுரண்டச் சொல்ற ஆளு, அதையே படம் புடிச்சுக் கொஞ்சுறீங்களே அண்ணி" என்பேன்.

"சுரண்டறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பாத்துடணும்ல" என்பார். அவ்வளவுதான், அதற்குமேல் வாதாட மாட்டார்.

என் அண்ணன் லாரி ஓட்டியவன். ஒரு மழை நாளில் வண்டி கவிழ்ந்து அவன் இடது கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால், "இப்பவே எழுந்து நடந்து பழகலைன்னா முட்டி இறுகிடும். அப்புறம் நெனச்சாலும் நடக்க முடியாது" என்றும் சொல்லி அனுப்பினார். இவன் எழவில்லை. ஊர் ஊராகச் சுற்றியவன், ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கெஞ்சினோம், திட்டினோம். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் அவனுக்குக் கல்லுளிமங்கன் என்று பேர், அந்தப் பேரைக் காப்பாற்றினான். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மாவே நின்றது. கடைசியில் நான் அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தேன்.

நான் ஹாலில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். அந்த அறையில் நடப்பது எல்லாம் என் காதில் விழும். தினமும் சாயங்காலம் அண்ணி வந்து, கை கால் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்காருவார். நடக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேச மாட்டார். சொந்தப் போனைத் திறந்து அவன் பக்கம் நீட்டுவார். பல நாள் அவன் திரும்பவே இல்லை. அவன் முதுகுக்குப் படம் காட்டுகிற பெண்ணை நினைத்து எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

அவனைத் திருப்பியது ஒரு செடி. கடைசி பிளாக்குக்குப் பின்னால், மழைநீர்க் குழாய் சுவரைத் தொடுகிற விரிசலில் முளைத்திருந்தது. பேர் தெரியாது. குழந்தையின் நகம் அளவுக்குத்தான் இலை. அண்ணி நாள் தவறாமல் அதை எடுத்துவந்தார். ஒரு நாள் அண்ணன் குரல் கேட்டது.

"நேத்து இந்தப் பக்கம் இல இல்லையே?"

மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தச் செடிக்கு எங்கள் வீட்டில் 'குடிவந்தவன்' என்று பேர். அண்ணி செருப்பைக் கழற்றும்போதே, "குடிவந்தவன் எப்படி இருக்கான்?" என்று உள்ளேயிருந்து கேட்பான். மொட்டு விட்டபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான். என்ன நிறத்தில் பூக்கும் என்று அவர்களுக்குள் பந்தயம் வேறு.

பூத்தது. அந்த நேரம் பார்த்து அண்ணியின் சொந்தப் போன் சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டிருந்தது. நாளைக்கு உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஒரு சபலம், கம்பெனி போனில் எடுத்துவிட்டார். இது புகார் இல்லை என்று ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். சந்தோஷத்தில் அது மறந்தே போய்விட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். மிளகளவு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். "நாளைக்கு நானே வந்து பாக்கறேன். மெதுவா கூட்டிட்டுப் போ" என்றான். நான் வாக்கரிலிருந்த துண்டுகளை எடுத்து மடித்து வைத்தேன்.

எங்கள் ஆபீசின் லட்சணம் ஊருக்கே தெரியும். மாதக்கணக்கில் சொட்டுகிற குழாய்க்கு ஒரு நாயும் எட்டிப் பார்க்காது. ஆனால் இதற்கு மட்டும் மறுநாள் காலையிலேயே கொத்தனார் போய்விட்டார். 'விரிசலில் செடி' என்று உத்தரவு. பிடுங்கி, சுரண்டி, சிமென்ட் பூசி முடித்துவிட்டார். அண்ணி ஓடிப்போய் நின்றபோது கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"நீதானம்மா படம் அனுப்புன? வேர் ஆழமாப் போயிருக்கு. நல்ல வேள பாத்த" என்றிருக்கிறார் பாவம் மனிதர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அண்ணி வீட்டுக்கு வந்து, என் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பழைய படத்தக் காட்டிச் சமாளிங்க அண்ணி. உதிர்ந்து போச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

"ஒவ்வொரு இலையும் அவருக்குத் தெரியும். பொய் சொன்னா என்னையும் சேத்து வெறுத்துடுவார்."

உள்ளே போய் நடந்ததைச் சொன்னார். அண்ணன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்காக எடுத்து வைத்த சட்டையை அண்ணி திரும்ப அலமாரியில் வைத்தார். மறுநாள் அவர் போனையே திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. துண்டுகள் மறுபடி வாக்கருக்கு வந்தன. இனி இவன் எழமாட்டான் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். இரண்டு பேர் மேலும் இருந்த கோபத்தில் ஊசி ஊசியாக உடைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணி போனில் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"எங்க இருக்க? வீட்டுலயா?"

"கடையில. ஏன் அண்ணி?"

"அங்கயே நில்லு. நானும் வரேன். தனியா உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல."

மூச்சிரைக்க வந்து கம்பெனி போனைக் காட்டினார். புதுப் புகார் ஒன்று வந்திருந்தது. படத்தில் ஒரு ஜன்னல் சட்டத்தின் வெளிமூலை. தேங்கிய ஈரத்தில் விரல் அகலத்துக்குப் பச்சைப் பாசி. அதிலிருந்து நூல் நூலாகத் தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். முகவரி எங்கள் வீட்டு முகவரி. கீழே எழுதியிருந்தது: 'பழுது எதுவும் இல்லை. நேரில் வந்து பார்க்கவும்.'

இரண்டு பேரும் ஓடினோம். அறையில் துண்டுகள் தரையில் கிடந்தன. திரை முழுக்க விலகியிருந்தது. ஜன்னல் ஓரம் அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் வெடவெடவென்று நடுங்கியது, சட்டை முதுகோடு நனைந்திருந்தது. எங்கள் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. ஆனால் இந்த முறை அவன் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை இல்லை.

"வெயில் போகப்போகுது. சீக்கிரம் எடு" என்றான் அண்ணியிடம். "உன் போன்ல எடு."

அண்ணி கம்பெனி போனை என் கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்றார்.