அப்பா போன கப்பல்

என் தம்பிக்கு வீட்டில் வைத்த பேர் 'பாதி'. டீயைப் பாதி குடிப்பான், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வாரமே இல்லை. முப்பத்தெட்டு வயதில்தான், இது கவனக்குறைபாடு, மாத்திரை தரலாம் என்றார் டாக்டர்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருக்கா?"

கேள்வி அவனுக்கு. முந்திரிக்கொட்டை மாதிரி நான் முந்திக்கொண்டேன். "சேச்சே, அதெல்லாம் இல்ல டாக்டர்."

இருந்தது. ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அப்பா அதைப் போட்டு உடைத்தார். ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தம்பிக்கு அப்போது நாலு வயது. அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லி வைத்தாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் நான் அந்தக் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தேன். வாய் பழகிவிட்டது, வேறென்ன சொல்ல.

மாத்திரை வேலை செய்தது, பொய் சொல்லக் கூடாது. டீயை முழுசாகக் குடித்தான். கடையில் ஒரு தவறும் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வாரம் தூக்கம் குறைந்தது. கேட்டால், "வேலை ஓடுதுக்கா" என்றான். நானும் விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு மதியம் முதலாளி போன் செய்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், கடையிலிருந்த கண்ணாடிகளை எல்லாம் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தான்.

"எல்லாத்துலயும் கேமரா வெச்சிருக்காங்கக்கா. என்னைத்தான் பாக்குறாங்க. நீயும் கழட்டு."

என் மூக்கிலிருந்ததை அவனே உருவினான். அப்பா ரேடியோவை உடைத்த அன்றும் இதே பார்வைதான்.

ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் தெளிந்தான். அவனை வைத்துக்கொண்டே டாக்டரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மருந்து யோசிச்சிருப்பேன்மா. இதையே குடுத்திருந்தாலும் வாராவாரம் வரச் சொல்லியிருப்பேன்."

நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பேர் கிடையாது.

வெளியே டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னை நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தேன். டீயைப் பாதியில் கீழே வைத்தான்.

"ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்க்கா. அப்ப, அப்பா கப்பல்ல போகவே இல்லையா?"