காதில் சொன்ன விலை

மலேசியாவுக்கு வந்த முதல் வாரமே எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. எதைப் பார்த்தாலும் இருபதால் பெருக்குவேன். ஒரு ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய இருபது ரூபாய் என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவைத்தார். அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கணக்கு மட்டும் கூடவே வந்துவிட்டது.

சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் நான் மீன்குழம்பு வைக்கிறவன். சாப்பாடும் படுக்கையும் கடையில். செலவு என்று பெரிதாக என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் வந்தேன். முடிவெட்டப் போனேன், பதினைந்து ரிங்கிட் என்று பலகையில் எழுதியிருந்தது. முந்நூறு ரூபாய்! நாகப்பட்டினத்துப் பக்கம் எங்கள் தெருவில் அந்தக் காசுக்கு நான்கு பேர் தலையைச் சிரைத்துக்கொண்டு டீயும் குடித்துவிட்டு வரலாம். திரும்பி வந்துவிட்டேன். நான்கு மாதம் முடி வளர்ந்தது. "முருகனுக்கு நேர்த்தியாண்ணே?" என்று கேட்டாள் கடையில் பாத்திரம் கழுவும் அக்கா. மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், வாய் நீளம். ஆமாம் என்றேன். அவள் அதை நம்பி, தைப்பூசத்தன்று என்னைக் கோயிலுக்கே இழுத்துப் போனாள். மொட்டை போட அங்கேயும் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. பொய்க்குக் கடவுள் உடனே விலை போட்டுவிட்டார்.

உண்மை தெரிந்ததும் அவள் என்னை விடவில்லை. "ரிங்கிட்டுல சம்பாரிச்சு ரூபாயில சாவுறீங்களே அண்ணே! நீங்க இங்கதான லா இருக்கீங்க?"

இருக்கிறேன்தான். ஆனால் பெருக்கல் எனக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. ஊரில் என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. என்ன, அவர்கள் சம்பளத்தை மட்டும் பெருக்குவார்கள். நான் இங்கே காசு கொடுத்து வாங்கும் தைல பாட்டிலையும் போன் கார்டையும் யாரும் பெருக்கிப் பார்த்ததில்லை.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. இந்த வருஷம் பெர்மிட் முடிய ஒரு மாதம் இருக்கும்போது முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "மீன் வெல ஏறிப்போச்சு, எண்ணெ ஏறிப்போச்சு. ஒனக்காக கவர்மெண்டுக்கு லெவி வேற கட்டணும். இந்தத் தடவ பெர்மிட் போடவா வேணாமான்னு யோசிக்கிறேன் தம்பி."

அந்த இரவே வீட்டுக்குப் போன் செய்து, இந்தத் தடவை பெர்மிட் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். தூக்கம் வரவில்லை. மகள் நர்சிங் படிப்பில் முதல் வருஷம்தான் முடித்திருந்தாள். இன்னும் மூன்று வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். ஊரில் மீன்குழம்பு வைத்து அதைக் கட்ட முடியாது. அங்கே எல்லோருமே நன்றாக வைப்பார்கள்.

பத்து நாள் யோசித்த பிறகு முதலாளியிடம் சொன்னேன்: "வண்டியில கொண்டாந்து போடுறவங்கிட்ட வாங்காதீங்க மொதலாளி. நேரா கோத்தா கோலா மூடாவுக்குப் போவோம். எனக்கு மீன் தெரியும். மிச்சம் புடிச்சுக் காட்டுறேன்."

கோத்தா கோலா மூடாவில் மதியம் படகுகள் வந்ததும் மீன் ஏலம் நடக்கும். எங்கள் ஊர் ஏலத்தில் தொண்டை கட்டாமல் வீடு திரும்பியவன் மீன் வாங்கவில்லை என்று அர்த்தம். இங்கே கதையே வேறு. ஒருவரும் வாய் திறந்து விலை சொல்ல மாட்டார்கள். ஏலக்காரரின் தோளில் கைபோட்டு, அவர் காதில் விலையை ஓதிவிட்டு விலகிவிட வேண்டும். எல்லோரும் ஓதி முடித்ததும் அதிகம் சொன்னவர் பக்கம் கூடையைத் தள்ளுவார். சொன்ன சொல் சொன்னதுதான், பேரம் கிடையாது.

முதல் கூடைக்கு முதலாளியே போனார். அவருக்குக் காது மந்தம். மந்தக் காதுக்காரர் ரகசியம் சொன்னால் எப்படி இருக்கும்? அக்கரையில் இருக்கும் தஞ்சோங் டாவாய் வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்து ஓதியவன் சிரித்துக்கொண்டே ஓதினான்; கூடை அவனுக்குப் போனது. முதலாளி என்னை முறைத்தார். "நீ போய்ச் சொல்லு. ஒன் தெறமய பாப்போம்."

இரண்டாவது கூடை கெம்போங், எங்கள் ஊர் கானாங்கெளுத்தி. செவுள் ரத்தச் சிவப்பு, கண் பளிச்சென்று இருந்தது. நாகப்பட்டினத்தில் இந்தக் கூடை என்ன விலை போகும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் தரக்கூடாது. பழுப்புத் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர்தான் ஏலக்காரர். அவர் தோளில் கைபோட்டுத் தெளிவாக ஓதினேன்: "டுவா ரிபு அம்பாட் ராத்துஸ்." இரண்டாயிரத்து நானூறு.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன். முதலாளி பையிலிருந்து மூன்று ஐம்பது ரிங்கிட் நோட்டை, அவர் பேச்சில் வெள்ளி, எடுத்து எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பெருக்கிய தொகையை அப்படியே ஓதிவிட்டேன்! என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல், ஒரு கூடை மீனுக்கு. பெர்மிட் போச்சு, படிப்பு போச்சு. ஒன்பது வருஷம் ஒரு டீயை வெளியே வாங்கிக் குடிக்காதவன் செய்த காரியம் இது.

எல்லோரும் ஓதி முடித்தார்கள். ஏலக்காரர் கூடையைத் தொடவில்லை. என்னைப் பார்த்து விரலை அசைத்தார். போனேன். இந்த முறை அவர் என் காதில் ஓதினார்.

"தம்பி, இண்டியா டுயிட் கா?"

இந்தியக் காசா என்று கேட்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. போன மாதம் ஒரு இந்தோனேசியாக்காரர் லட்சத்தில் ஓதினாராம். அதற்கு முன் ஒரு பங்களாதேஷ்காரர். "செமுவா சாமா லா," எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் விரலால் கணக்குப் போட்டார். நூற்றிருபது. மற்றவர்கள் ஓதியதைவிட அதுவே அதிகம் போலிருக்கிறது. கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். எங்கள் இருவரைத் தவிர அந்த மணலில் நின்ற ஒருவருக்கும் விஷயம் தெரியாது. அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது.

காரில் முதலாளி ஊருக்கே கேட்கும்படி மகிழ்ந்தார். "வண்டிக்காரங்கிட்ட வாங்குறதவிட இருவது வெள்ளி மிச்சம்டா! ஒன்ன யாரு வுடுவா? பெர்மிட் போட்டுர்றேன். இன்னும் மூணு வருஷமானாலும் இரு!"

இரவு எட்டு மணிக்கு மகளைக் கூப்பிட்டேன், ஊரில் அப்போது ஐந்தரை. கல்லூரி விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பெர்மிட் உறுதி, படிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று ஏலக் கதையையும் சேர்த்து உற்சாகமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கக்கூடாதென்று போனை வாயோடு வைத்து மெல்லப் பேசினாள்.

"அப்ப நீ வரலியாப்பா? இந்தத் தடவ பெர்மிட் கெடைக்காதுன்னு நீதான சொன்ன? அம்மா முன்ரூமுக்கு வெள்ளையடிச்சு, ஒனக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டுருக்கு."

எனக்கு அழுகை வந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"கட்டில் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் விலையைச் சொல்லவில்லை. நான் வரவில்லை என்பதை அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.