பனையோலை ரேந்தை

வரைவதும் பாடுவதும் எனக்கு ஒருநாளும் இரண்டு காரியமாக இருந்ததில்லை. கோடு இழுத்தால் தொண்டை தானாக முனகும். அந்தக் கோணல் புத்தி எனக்கு வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டது. ஒரு அவமானத்தையும் தேடித் தந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நாகர்கோவிலில் மிஷன் வளாகத்து ரேந்தைக் கூடத்தில், லேஸ் பின்னும் வேலை செய்தேன். மடியில் உருளைத் தலையணை, அதில் ஊசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் ரேந்தை வளரும். மாதிரிகளெல்லாம் கப்பலில் வந்த சீமைப் பூக்கள். அந்தப் பூக்களை எங்களில் ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. எரிச்சலில் நான் ஒரு பனையோலையை வரைந்து, கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணியிடம் நீட்டினேன். மேசைவிரிப்பின் ஓரத்தை இருவர் பாதிப் பாதியாகப் போட வேண்டும், பொருந்தினால் இனி நீ வரையலாம், பொருந்தாவிட்டால் பென்சிலைத் தொடக் கூடாது என்றார்.

மறுபாதி என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு. சிதறால் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னைவிடப் பத்து வயது மூப்பு. வரைந்த தாள் ஒன்றுதான், அது என் தலையணையில் இருந்தது. அதனால் ஓலையின் ஒரு வரிசைக்கு, ஞாயிறு ஆராதனையில் பாடும் கீர்த்தனையில் ஓர் அடி என்று கணக்கு வைத்து, முதல் இரண்டு அடியை அவள் காதோடு பாடிக் காட்டினேன். கூடத்தில் சத்தமாகப் பாடக் கூடாது. அவரவர் மனதுக்குள் பாடிக்கொள்ள வேண்டியதுதான்.

"கடைசி அடி எப்படி ஏட்டி?" என்று அவள் கேட்டாள்.

"கோயில்ல பாடுகது போலதான் அக்கா," என்றேன், தலையைத் தூக்காமலே.

மூன்று வாரம் போனது. துரைசாணி பார்க்க வரும் காலையில் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்தேன். அவளுடைய ஓலை ஒவ்வொன்றும் என்னுடையதைவிட ஒரு வரிசை கூடுதல் நீளம்.

"எங்க கோயில்ல கடைசி அடிய ரெண்டு மட்டம் பாடுவோம், மக்கா," என்றாள் மெதுவாக. எங்கள் கோயிலில் ஒரு தடவைதான்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. துரைசாணி அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். "இது யாருடைய தவறு?"

என் கண் பென்சிலில் இருந்தது. நாக்கு முந்திக்கொண்டது. "அக்காவோடது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தன் பாதியை எடுத்துத் துரைசாணியிடம் நீட்டினாள். அவளுடைய மூன்று வார வேலையைத் துரைசாணி கத்தரியால் வெட்டிப் போட்டார். கப்பல் போவதற்குள் அவள் குனிந்த தலை நிமிராமல் மறுபடி போட்டு முடித்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பென்சில் தப்பியதே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அடுத்து நான் வரைந்தது தென்னம்பாளை. தலையணையை அவள் பக்கம் நகர்த்தி, பழையபடி அடியெடுத்துப் பாடத் தொடங்கினேன்.

"பாட வேண்டாம் ஏட்டி," என்றாள். "தாளைத் தா. பாத்துப் போட்டுக்கிடுவேன்."

முப்பதுகள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டித் தாளை மட்டும் வாங்கிக்கொள்வாள்.