தீத்தடை நாளில் ஏற்றிய கற்பூரம்

போன சனிக்கிழமை இங்கே மெல்பர்னில், டார்னெய்ட் மளிகைக் கடையில் கற்பூர டப்பாவைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன். பின்னால் நின்ற ஒரு பெண் — இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவராம் — “என்ன மேடம், எக்ஸ்பயரி டேட் பாக்குறீங்களா? ரெண்டு வாரமா எழுதலையே, உடம்பு சரியில்லையா?” என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். எல்லாம் இந்தக் கற்பூரத்தால். ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துப் பூட்டினால் எனக்கு பிபிதான் ஏறுகிறது.

ரிட்டயர் ஆனதும் இந்த ஊர் வெள்ளைக்காரத் தம்பதிகள் என்ன செய்கிறார்கள்? வீட்டைப் பூட்டிவிட்டு மோட்டார்ஹோமில் ஏறி, மலை மலையாகச் சுற்றுகிறார்கள். நாம்? பேரப்பிள்ளையை ஸ்கூலில் விடுகிறோம், கூட்டி வருகிறோம், நடுவில் சப்பாத்தி மாவு பிசைகிறோம். “ஏன், நாங்கள் மனுசர் இல்லையோ?” என்று ஒருநாள் பொங்கினார் சிவபாலன் அண்ணை. அடுத்த மாதமே ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார்ஹோம் அவர் வீட்டு வாசலில் நின்றது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே. சக்கரம் வைத்த சின்ன ஃபிளாட்!

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் பக்கத்துத் தெரு. முப்பது வருடம் மெல்பர்னில் பஸ் ஓட்டியவர். மனைவி ராணி அக்கா. நாங்கள் திருச்சி. என் வீட்டுக்காரர் ரிட்டயர்ட் இன்ஜினியர் — அதாவது, பெரிய வண்டி ஓட்ட வராது, ஓட்டுகிறவருக்குச் சொல்லித்தர நன்றாக வரும். ஆக நான்கு பேர், ஒரு வண்டி, இங்கே கோடையான ஜனவரியில் ஆறு நாள் மலை. விக்டோரியாவின் ஹை கண்ட்ரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர் பெயர் வேண்டாமே.

கிளம்பும்போதே கோளாறு. கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டுப் போவதாகத் திட்டம். கோயில் கார் பார்க் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி. எங்கள் வண்டியோ ஒட்டகம் மாதிரி உயரம். உள்ளே போகாது. ரோட்டோரம் நிறுத்தலாம் என்றால் நோ ஸ்டாப்பிங். “சாமிக்குத் தெரியும், நீங்க எடுங்கண்ணே” என்று இவர் சொல்ல, பூஜை போடாமலே கிளம்பிவிட்டோம். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

முதல் நாள் கேம்ப் கிரவுண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது டெயில் லைட் போச்சு. “ரைட்ல ஒடிங்க, ரைட்ல ஒடிங்க” என்று இவர் கத்திய ரைட் யாருடைய ரைட் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டாம் நாள் பக்கக் கண்ணாடி ஒரு மரத்தில் உரசி உடைந்தது. மூன்றாம் நாள் மலை உச்சி வியூ பாயின்ட்டுக்குப் போவதாக இருந்தோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். நான் சொல்லிவிட்டேன் — பூஜை போடாமல் இந்த வண்டியில் ஏறமாட்டேன்.

“ஓம், மாலா சொல்லுறது சரி. பூசை செய்யாமல் வெளிக்கிட்டதுதான் பிழை” என்றார் ராணி அக்கா.

அன்றைக்கு டோட்டல் ஃபயர் பேன். தெரியாமல் செய்தோம் என்று சொல்ல முடியாது. முந்தின நாள் சாயங்காலமே கேம்ப் கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒவ்வொரு வண்டியாக வந்து சொன்னார். நாளை நாற்பது டிகிரி, அனலாக வடக்குக் காற்று, வெளியில் நெருப்பே கூடாது. நாங்களும் ‘யெஸ் யெஸ்’ என்று தலையாட்டினோம். தலையாட்டியது மட்டுமா? காலையில் அண்ணை ஒரு சிகரெட்டை எடுத்ததும் இவர் பாய்ந்துபோய்ப் பிடுங்கினார். “அண்ணே, ஃபயர் பேன்! ஒரு பொறி போதும், மலையே போயிடும்!” அண்ணையும் நல்ல பிள்ளையாக பாக்கெட்டை உள்ளே வைத்தார்.

அடுத்த பத்தாவது நிமிடம் அதே இருவரும் கை கூப்பி நிற்க, நான் தேங்காய் மேல் மூன்று கட்டி கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன்.

சிரிக்காதீர்கள். சத்தியமாக நான்கு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை! ஃபயர் என்றால் பார்பிக்யூ, கேம்ப் ஃபயர், சிகரெட். கற்பூரம்? அது பூஜை அல்லவா? நெருப்பு என்ற கணக்கிலேயே அது வரவில்லை. நாற்பது வருடம் படித்து, வேலை பார்த்து, வரி கட்டிய நான்கு மூளைகள்!

டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். தேங்காயை வண்டிக்கு மூன்று சுற்று சுற்றினேன். உடைக்கிற நேரத்தில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. அந்த அம்மாள் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் ஜல்லித் தரையில் தேங்காய்ச் சில்லு சிதறினால் நன்றாகவா இருக்கும்? நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? “அண்ணை, அந்த ஓரத்துக் கல்லுல உடைங்க” என்றேன். ஓரத்துக் கல்லைச் சுற்றி என்ன? முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்.

அண்ணை ஓங்கிப் போட்டார். தேங்காய் சுக்குநூறு. ஆஹா, திருஷ்டி போச்சு என்று எல்லோருக்கும் சந்தோஷம். சில்லுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஏறிவிட்டோம். எரிந்துகொண்டிருந்த கற்பூரம் எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை.

வியூ பாயின்ட்டில் தயிர்சாதம் பிரிக்கும்போதுதான் ராணி அக்கா கையை நீட்டினார். “அங்க பாருங்கோ, புகை.”

கீழே பள்ளத்தாக்கில், நாங்கள் கிளம்பி வந்த திசையில், வெள்ளையாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பானது, அகலமானது. மலையில் சிக்னல் கிடையாது. கொஞ்சம் இறங்கியதும் ஒரே நேரத்தில் நாலு போனும் அலறின. காட்டுத்தீ எச்சரிக்கை. எங்கள் கேம்ப் கிரவுண்டின் பெயர் அதில் இருந்தது.

“என்னங்க... கற்பூரம்” என்றேன். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “கற்பூரம் பத்து செகண்ட்ல ஆவியாயிடும் மாலா. மிச்சமே இருக்காது. அதெல்லாம் சயின்ஸ்.” சயின்ஸ் சொன்னவர் ஜன்னல் வழியே புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தானே உடைச்சனான்” என்றார் அண்ணை, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். என் மனசில் மூன்று கட்டியும் வரிசையாக நின்றன. ஒன்று தேங்காயோடு நசுங்கியிருக்கும். ஒன்று கல் மேல் விழுந்து அணைந்திருக்கும். மூன்றாவது?

போலீஸ் எங்களை கேம்ப் கிரவுண்ட் பக்கம் விடவில்லை. அடிவாரத்து ஊரின் ஹாலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஊரே திரண்டிருந்தது. குழந்தைகள், நாய்கள், கூண்டோடு இரண்டு கோழிகள். எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடிவந்து ஈர டவல் கொடுத்தார், சாண்ட்விச் கொடுத்தார், “யூ ஓகே, டார்லிங்?” என்று முதுகைத் தடவினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த ஜனங்களின் மலையைக் கொளுத்திவிட்டு, இவர்கள் கையாலேயே சாண்ட்விச் வாங்கித் தின்பதா? ஒரு வாய் இறங்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு வயசான விவசாயி. மடியில் தொப்பி, புகை படிந்த முகம். எனக்காகத் தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். வைக்கோல் ஷெட் போய்விட்டதாம், அரை மைல் வேலியும். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“போய்ச் சொல்லிடலாங்க” என்றேன் இவரிடம்.

“பேசாம உக்காரு. எப்படிப் பத்துச்சுன்னே தெரியாது. நீயே போய்த் தலையைக் கொடுப்பியா?”

அண்ணை என் பக்கம் குனிந்தார். “மாலா, முப்பது வருசம்... இந்த நாட்டில ஒரு பார்க்கிங் ஃபைன் கூட எனக்கு வந்ததில்லை. வந்து இறங்கின நாளில இருந்து யூனிஃபோர்மைக் கண்டால் நெஞ்சு இடிக்குது. இப்ப நாங்களே போய்ச் சொல்லுறதோ? விசர்க் கதை கதைக்காதேங்கோ.”

அவர் பயம் எனக்குப் புரிந்தது. அவர் பார்த்த யூனிஃபார்ம்கள் வேறு. வாயை மூடிக்கொண்டேன். ஐந்து நிமிடம்தான். அதற்குமேல் முடியவில்லை. எழுந்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ராணி அக்கா அந்தக் கையை எடுத்துவிட்டு, “நானும் வாறன், நடவும்” என்றார். தன் புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஜையில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண். என் மகள் வயசு. கற்பூரத்தை இங்கிலீஷில் எப்படி விளக்குவது? “இட் ஈஸ் எ ஸ்மால் ஒயிட் திங்... வீ ப்ரே... வித் கோகோனட்...” அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். “யூ லிட் எ ஃபயர்? டுடே?”

“யெஸ்” என்றேன்.

எந்த சைட், எந்த ஓரம், எத்தனை மணி — எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு மேப்பைத் திருப்பிக் காட்டினார். தீ பிடித்தது கேம்ப் கிரவுண்டை ஒட்டிய ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பண்ணையில். காரணமும் தெரியும். எங்கள் கேம்ப் கிரவுண்டில் ஒரு மரம்கூட எரியவில்லை. காற்றைப் பார்த்து முன்கூட்டியே காலி செய்யச் சொன்னார்களாம், அவ்வளவுதான்.

ராணி அக்கா “முருகா!” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அட்ரஸ் எழுதிக்கொண்டார். லெட்டர் வரலாம் என்றார். வரட்டும்! இன்னும் வரவில்லை. போஸ்ட்மேனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே நான் பாத்ரூமுக்குப் போகிறேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முகத்தில் அப்படியொரு நிம்மதி வழிந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த விவசாயி, “நல்ல செய்தியா?” என்று கேட்டார். நான் உளறினேன் — காலையில் நெருப்புப் பற்ற வைத்ததை, எங்களால்தான் என்று நினைத்ததை, எங்களால் இல்லை என்று இப்போது தெரிந்ததை.

அவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லை. அது நான்” என்றார்.

ஷெட்டைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்ததாம். தீ வந்தால் ஷெட் பிழைக்கட்டும் என்று காலையில் டிராக்டரை விட்டு வெட்டினாராம். இந்த மாதிரி நாளில் புல் வெட்டும் மெஷினுக்கும் தடை என்று தெரியும். ஐந்து நிமிட வேலைதானே என்று நினைத்தாராம். பிளேடு ஒரு கல்லில் பட்டது. ஒரு பொறி. அவரும் அந்த மேஜைக்குப் போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்துதான் உட்கார்ந்திருந்தார், எனக்கு முன்பே.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தன் ஷெட்டையும், ஊர் முகத்தில் விழிக்கும் தைரியத்தையும் ஒரே காலையில் இழந்த மனுஷரின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘நல்லவேளை, நான் இல்லை’ என்று. வெட்கமாக இருந்தது. “ஐ ஆம் ஸாரி” என்றேன். என் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து கேம்ப் கிரவுண்டைத் திறந்தார்கள். அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்த நாற்காலிகளை எடுக்கப் போனோம். அண்ணை நேராக அந்த ஓரத்துக் கல்லுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கூப்பிட்டும் வரவில்லை. நானும் போய்ப் பார்த்தேன்.

கல்லிலிருந்து இரண்டடி தள்ளி, காய்ந்த புல்லுக்கு நடுவில் ஒரு கருப்பு வட்டம். உள்ளங்கை அளவு. சுற்றிலும் புல் நுனிகள் கருகிச் சுருண்டிருந்தன. பிடித்திருக்கிறது... பரவப் பார்த்திருக்கிறது... ஏனோ நின்றுவிட்டது. அண்ணை ஷூவால் அதை மிதித்தார், இரண்டு நாளுக்குப் பிறகு.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். வழக்கமான சயின்ஸ் எதுவும் வரவில்லை. “அதான் அணைஞ்சிடுச்சே மாலா, விடு” என்றார்.

அணைந்தது, வாஸ்தவம்தான். அணைத்தது நாங்கள் இல்லையே!