தொரை கொடுத்த பௌர்ணமி

சிங்களவர்கள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். துருத்து, நவம், வெசாக், பொசன். எங்களுக்கும் பெயர் உண்டு. நிறைந்த நிலா எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறதோ அதுவே பெயர்: வைகாசி விசாகம், கார்த்திகை, தைப்பூசம். ஆனால் லீவு அவர்களுடைய பௌர்ணமி நாளான போயாவுக்குத்தான். ஞாயிறு லீவையும் எடுத்துவிட்டுப் போயாவுக்குக் கொடுத்த காலம் அது. சில வருஷம் பூசம் போயாவுக்கு மறுநாள் விழும். அந்த வருஷமும் அப்படித்தான் விழுந்தது.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. நமுனுகுல மலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்தன்று பால்குடம் எடுக்கிறேன் என்று வழியிலேயே முருகனுக்கு நேர்ந்தேன். பிழைத்தான்.

திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். கங்காணி எழுந்து, "பூசத்துக்கு லீவு கெடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு. போயா அன்னிக்கே தேரை இழுத்துருவோம்" என்றார்.

"பூசத்துக்குன்னு நேந்துருக்கேங்க" என்றேன்.

"முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ மறுநா கொழுந்துக்கு வந்து சேரு."

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா விடவில்லை. "முருகனையும் காலையில பெரட்டு வரிசையில நிக்க வச்சு, ஒருநாள் பேரு போடுங்க கங்காணி. அவரும் நம்ம ஆளுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போயா அன்று தேர் போனது. நான் குடம் எடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபோது மேற்கே ஹாலிஎலப் பக்கம் நிலா இன்னும் இறங்கவில்லை. முழுசாக இருந்தது. பூசம் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்று கோயில் பண்டாரம் சொல்லியிருந்தார். மத்தியானம் வரை கொழுந்தெடுத்தேன். அரைநாள் சம்பளமான அரைப்பேர் போதும் என்று கூடையை இறக்கினேன். "போ, போ, ஒனக்குன்னு தனியா ஒரு நிலா" என்றார் கங்காணி. லயத்து வீட்டுக்குப் போய்க் குளித்து, பக்கத்து வீட்டில் பால் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

கோயில் பூட்டிக் கிடந்தது. பூசை செய்யும் பண்டாரமும் எங்களைப் போல நாட்சம்பளப் பேருக்கு வேலை செய்கிறவர்தான். மேலே மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, கதவு!" என்று கத்தினேன்.

"நான் எறங்கி வந்தா என் பேரு போயிரும் தாயி. அந்திக்கு வா!"

அந்திக்குப் பூசம் இருக்காது. குடத்தைத் தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்தேன். கம்பிக் கதவுக்குள்ளே பாலை ஊற்றினேன். உள்தரை வாட்டம் சரியில்லை. பால் என் காலடிக்கே திரும்பி வந்து படியில் இறங்கியது. ஒரு நாய் வந்து நக்கியது. நான் விரட்டவில்லை.

நேரே, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். ஏணையில் தூங்கிக்கொண்டிருந்த மகனின் நெற்றியைத் தொட்டேன். சூடு இல்லை. அதற்குப் பிறகு, அவன் என்னைவிட உயரமாக வளரும்வரை, ஒவ்வொரு பூசத்துக்கும் தொட்டுப் பார்த்தேன்.