ராகி வயலில் ஒரு பந்தல்

ரசாயனத்தில் பட்டம் வாங்கிய கையோடு, மைசூருக்கு வெளியே இருந்த ஒரு பயிர்ப் பண்ணையில் உதவியாளராகச் சேர்ந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்கே போனாலும் விளைச்சலைப் பற்றித்தான் பேச்சு. பண்ணைக்கும் அமோனியம் சல்பேட் மூட்டைகள் வந்து இறங்கின. எங்கள் அதிகாரிக்கு ஒரு சந்தேகம். மழைக்காலத்தில் வெயிலே தலைகாட்டாத நாட்கள் வருமே, அப்போது போடுகிற உரம் பயிருக்குப் பயன்படுமா?

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு ராகிப் பாத்திகளுக்கு ஒரே அளவு உரம் இட்டோம். மேகமூட்டம்போல வெளிச்சம் குறைய, ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய துணியால் பந்தல் போட வேண்டும். மூங்கில் வந்தது, துணி வரவில்லை. பயிரோ வளர்ந்துகொண்டே இருந்தது.

எனக்குக் கல்யாணமான புதிது. வீட்டில் புலம்பினேன். பாங்கியில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் சொன்னார்: "கல்யாணத்துக்கு வந்த மல் வேஷ்டியெல்லாம் பெட்டியிலே சும்மாதானே கெடக்கு. எடுத்துண்டு போ."

"மழையிலே பாழாப் போயிடுமே."

"போகட்டும். நான் பேண்ட் போட்டுண்டுதானே ஆபீஸ் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவரே சைக்கிளில் மூட்டையோடு வந்து, மூங்கிலில் வேஷ்டிகளை இழுத்துக் கட்டினார். அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த ஹனூரிலிருந்து வந்து பண்ணையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னுங்கம்மிணி, ராயிப் பயிருக்குக் கல்யாணமுங்களா?"

"ஆமா, சாப்பாடும் உண்டு" என்றார் இவர். கொண்டுவந்த புளியோதரையை மூவரும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதன்பின் என் வேலை இலைகளோடு. மேலே இருக்கும் இலையையும் அடியில் இருக்கும் இலையையும் தனித்தனியாகப் பறித்து, காகிதத்தில் வரைந்து, வெட்டி, அந்தக் காகிதத்தை நிறுத்துப் பரப்பளவு கணக்கிடுவோம். பிறகு இலையைக் காயவைத்து நைட்ரஜனைச் சோதிப்போம். காகிதம் வெட்டும் வேலையைச் சில சாயங்காலங்களில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னைவிட அவர் நேர்த்தியாக வெட்டினார்.

நடுவில் எனக்கு ஒரு பயம். திறந்த பாத்தியில் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. உரம் போதவில்லையோ என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தால் அடி இலையில் நைட்ரஜன் குறைவு, உச்சி இலையிலோ நிறைய. மேல் இலைகளின் நிழலில் கிடந்த இலையிலிருந்து எடுத்து, வெயில் விழும் இடத்துக்குப் பயிர் அனுப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அன்று பூராவும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. களை எடுக்கும் அம்மாளிடமே போய்ச் சொன்னேன். "அட, கெட்டிக்காரப் பயிருங்கோ" என்றார்.

பந்தலுக்குள் நிலைமை வேறு. இலைகள் அகலமாக, கரும்பச்சையாக, ஆனால் மெல்லிசாக வளர்ந்தன. தண்டுகளுக்கு வலுவில்லை, ஒரு மழைக்கே சாய்ந்துவிட்டன. கதிர்கள் சிறுத்திருந்தன. வெளியே இருந்த கதிர்களோ மடக்கிய விரல்களைப்போலத் தடித்து நின்றன. வெளிச்சம் போதாத இடத்தில் உரத்தைக் கொட்டியும் பலனில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது.

அறுவடைக்கு முன் பக்கத்து ஊர் விவசாயிகள் பார்க்க வந்தார்கள். அதிகாரி என்னையே விளக்கச் சொன்னார். கன்னடத்தில் சொன்னேன். ஒருவர், "அப்போ உரத்தை எப்போ போடறது?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் ஒரேயடியாப் போடாதீங்க. பாதியை வெச்சிருந்து, மேகம் விலகினதும் போடுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து ஒரு உச்சி இலையைத் தடவிப் பார்த்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பாத்திக்குள் இறங்கினார்கள்.